குறியும் பழக்கமும்

குறி தவறாமற் சுடுபவனைக் கண்டு, அவனது கண் கூரியது, கை உறுதியானது என வியத்தல் உலக வழக்கு. கண்ணும் கையும் இயற்கை வழங்கிய கொடைகள் எனின், பழகிய கையை இழந்தவனுக்கு அக்கலை மீண்டும் கைகூடுதல் எங்ஙனம்? ஹங்கேரிய இராணுவ வீரர் காரோய் தகாச்சின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1938ஆம் ஆண்டு இராணுவப் பயிற்சியின்போது கைக்குண்டு ஒன்று வெடித்து, அவர் சுடுதற்குப் பயன்படுத்திய வலக்கையைச் சிதைத்தது. மருத்துவமனையினின்றும் வெளிவந்தவர், பிறர் அறியாவண்ணம் இடக்கையாற் சுடப் பழகினார். மறு ஆண்டே தம் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றார். போரினால் 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் விழாக்கள் நடைபெறாதொழிந்தன. எனினும் 1948இல் இலண்டனில், தமது 38ஆம் வயதில், விரைவுக் கைத்துப்பாக்கிச் சூட்டில் 600க்கு 580 புள்ளிகள் ஈட்டி, உலக சாதனையுடன் தங்கப் பதக்கம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கியிலும் அப்பதக்கம் அவருக்கே உரியதாயிற்று.

சுடப் பழகும் கை கற்கவேண்டியது யாது? கைத்துப்பாக்கியின் முன், பின் குறிகாட்டிகளுக்கு இடைப்பட்ட தூரம் 20 சதமமீற்றர் எனக் கொள்வோம். அவை தம்முள் ஒரு மில்லிமீற்றர் பிசகினும், 25 மீற்றருக்கு அப்பால் சன்னம் 125 மில்லிமீற்றர் விலகிப்போகும். ஆதலின் கண் நிலைக்கவேண்டிய இடம் முன் குறிகாட்டியே; இலக்குச் சற்று மங்கித் தோன்றினும் இழுக்கில்லை.

விரலை வசப்படுத்துதல் இதனினும் அரிது. வெடியோசையையும் பின்னுதைப்பையும் எதிர்பார்க்கும் உடல், அவை நிகழுமுன்னரே துணுக்குறுகின்றது. விரல் விசையை வெடுக்கென இழுக்கின்றது. வெடியதிர்வில் இப்பிழை மறைந்துவிடுகின்றது. ஆகையினாலேயே தேர்ந்தோர், துப்பாக்கி வெறுமையாயிருத்தலை உறுதிசெய்துகொண்டு, ரவை இடாது விசையை அழுத்திப் பழகுகின்றனர். விசை விடுபடும் கணத்தில் குறிகாட்டி அசையுமாயின் குற்றம் கண்முன்னே வெளிப்படும். இவ்வாறு சோதியாது நூறு முறை சுடுபவன் தன் பிழையையே நூறு முறை பயில்கின்றான். நன்றாயினும் தீதாயினும் பழக்கம் கொடுத்ததைப் பற்றிக்கொள்ளும் இயல்பினதன்றோ!

பழக்கத்தின் ஒரு படி நழுவினால் நேர்வதை 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் காட்டிற்று. 50 மீற்றர் மூன்று நிலைச் சூட்டில் அமெரிக்கரான மத்தியூ எமன்ஸ் இறுதிச் சூடு வரை முன்னணியில் நின்றார். இலக்கின் மேலுள்ள எண்ணை முதலில் நோக்கி, பின்னர்க் கீழிறங்கிக் குறிபார்த்தல் அவர் வழக்கம். அன்றோ மனத்தை அமைதிப்படுத்தும் முயற்சியில் எண்ணை நோக்காது விட்டார். சன்னம் அயலவரின் இலக்கிற் பாய்ந்தது. கிடைத்த புள்ளி பூச்சியம். முதலிடத்தில் நின்றவர் எட்டாமிடத்துக்கு இறங்கினார்.

தகாச்சுக்குக் கை சிதைந்தது. பழக்கம் மற்றொரு கையை ஆக்கித் தந்தது. எமன்ஸுக்குக் கையும் கண்ணும் பிழைக்கவில்லை. ஒருமுறை எண்ணை நோக்கும் சிறு செயல் மட்டுமே தவறிற்று. புள்ளியிடுவோரும் பார்ப்போரும் இல்லாத நாட்களில், வெறுந் துப்பாக்கியுடன் தன் பிழையைத் தானே தேடுபவனுக்கே அரங்கிற் குறி வாய்க்கின்றது.