நவநாளில் கற்ற எழுத்து

சோளகம் வீசும் ஆடி மாதத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகர் புதுப்பொலிவு கொள்ளும். யூலை 25 புனித யாகப்பர் திருநாள். கொடியேறியதும் பிரான்சிலும் கனடாவிலும் குடியேறியோர் பிள்ளைகளுடன் வந்து கூடுவர். 1993 நவம்பர் 13 இல் குண்டு வீழ்ந்து அடியார் பலர் மாண்ட அக்கோவில், இந்நாள்களில் இருக்கையின்றி நெருக்குண்ணும்.

நாம் சைவர். ஆயினும் கத்தோலிக்க நண்பரொருவர் அழைப்பை ஏற்று ஆண்டுதோறும் செல்வோம். சென்ற ஆண்டு அவர்தம் தாயார் எம்மை மறித்தார்.

"மாஸ்ரர், பேரன் தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்திலை எழுதி வைச்சுப் பாடுறான். நாலு எழுத்துச் சொல்லிக் குடுங்கோ."

மறுக்க மனம் வரவில்லை. நவநாள் மாலைகளில், பூசைக்கு முன், முற்றத்து மணலில் அவன் விரல் பற்றி எழுதுவித்தோம். ஒன்பது நாளில் உயிரெழுத்துப் பன்னிரண்டும் அவன் பெயரும் கைவந்தன. ஆய்தம் அவனுக்கு விளையாட்டாயிற்று. ழகரமோ இறுதிவரை இணங்கவில்லை.

திருநாளன்று பாடற்குழுவில் நின்றவன் பழைய தாளையே பார்த்துப் பாடினான். இடையே பாட்டியின் புத்தகத்தில் "அருள்" என்ற சொல்லைத் தொட்டுக் காட்டி எம்மை நோக்கி நகைத்தான். கிழவியார் முந்தானையாற் கண்ணைத் துடைத்தார்.

ஆவணி பிறந்தது, மடுத் திருவிழாவும் முடிந்தது. வந்தோர் விமானமேறினர். பாடற்குழுவில் முதியோரே எஞ்சினர்.

இவ்வாண்டுக் கொடியேற்றம் அண்மிக்கின்றது. பேரன் வருகிறானாம். ககரத்திலிருந்து தொடங்குவதா, மீண்டும் அகரத்திலிருந்தா என்பதே எமது கவலை.