இருபத்தொரு பேரின் பொறுப்பு

ஆள் கூடக்கூட வேலை சுலபமாகும் என்றே நாம் எண்ணுகிறோம். பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான், ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து இதனை அளந்து பார்த்தார். 1913-இல் வெளியான அவருடைய முடிவு வியப்புக்குரியது: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனித்து இழுக்கும் வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது!

ஒரே கணத்தில் அனைவரும் இழுக்காததுதான் காரணமா? அதுமட்டுமன்று. 1974-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் ஒருவரின் கண்களைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்தனர். உண்மையில் இழுத்தவர் அவர் ஒருவரே. அப்போதும் அவரது முயற்சி தளர்ந்தது.

எங்கள் ஊரில் ஏழை மாணவர் கல்வி உதவிக்கென 21 பேர் கொண்ட குழு ஒன்றிருந்தது. அனைவரும் நல்லவர்களே. தந்தையை இழந்த ஒரு மாணவியின் விண்ணப்பத்தைக் கல்லூரியில் சேர்ப்பிக்கும் பொறுப்பை 'எல்லோரும்' ஏற்றனர். கடைசித் தேதி கடந்துவிட்டது!

கணக்கிட்டுப் பாருங்கள். ஐவர் இருந்தால் இருவர் இருவராகக் கலந்து பேசும் வழிகள் 10. 21 பேருக்கோ 210. ஆனால் நடப்பது என்ன? குரல் வலுத்த நால்வர் பேசுவர். ஏனையோர் தேநீர் அருந்துவர். (அதில் மட்டும் எவர் முயற்சியும் தளர்ந்ததில்லை!)

நிதி திரட்ட 21 பேரும் வேண்டும், மறுப்பதற்கில்லை. விண்ணப்பத்திற்கு ஒருவர் போதும், அவர் பெயர் குறிப்பேட்டில் இருந்தால். மறு ஆண்டு அவ்வாறே ஒவ்வொரு மாணவருக்கு எதிரிலும் ஒரு பெயர் எழுதப்பட்டது. அம்மாணவி ஓராண்டு பிந்தியே கல்லூரிக்குச் சென்றாள்.