ஹாரன் சத்தமே கேட்காத காட்டுப்பாதைகள்... ட்ரான்சில்வேனியாவின் சாக்ஸன் கிராமங்களில் ஒரு சைக்கிள் பயணம்!

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரம். விஸ்க்ரி கிராமத்தின் பெரிய தெருவில், மேய்ச்சல் முடிந்து மாடுகள் திரும்பி வருகின்றன. ஓட்டி வருபவர் எங்கோ பின்னால் இருக்கிறார். ஒவ்வொரு மாடும் தன் வீட்டு வாசல் வந்ததும் தானாகவே கூட்டத்திலிருந்து பிரிந்து உள்ளே நுழைகிறது. கதவு சாத்தியிருந்தால் வாசலில் நின்று குரல் கொடுக்கிறது. எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி, சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார்கள். அன்று முழுக்க அவர்கள் பார்த்த டிராஃபிக் ஜாம் இது ஒன்றுதான்.

ருமேனியா நாட்டின் நடுவே இருக்கிறது ட்ரான்சில்வேனியா. 'காட்டுக்கு அப்பால்' என்று பொருள் தரும் லத்தீன் பெயர். நமக்கு இந்தப் பெயர் டிராகுலா மூலமாகத்தான் பழக்கம். 1897-ல் அந்த நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வந்திருந்தால் ரத்தக் காட்டேரியை விட்டுவிட்டு இங்கிருக்கும் கோட்டைச் சர்ச்சுகளைப் பற்றி எழுதியிருக்கலாம். அவ்வளவு கதைகள் இருக்கின்றன!

இப்போது இந்த மலைகளைத் தேடி வருபவர்களில் ஒரு பகுதியினர் 'கிராவல் பைக்' ஆட்கள். கிராவல் பைக் பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் மாதிரிதான் இருக்கும். ஹேண்டில்பார் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். காற்றையும் கொஞ்சம் குறைத்தே அடிப்பார்கள். தார்ச்சாலையிலும் வேகமாகப் போகலாம், ஜல்லி கொட்டிய பாதையிலும் மண்பாதையிலும் சறுக்காமல் போகலாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஜல்லிச் சாலைகளில் 2006-ல் தொடங்கிய ஒரு நெடுந்தூரப் போட்டி இந்த சைக்கிளை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. போட்டியெல்லாம் வேண்டாம், லாரியும் காரும் இல்லாத பாதை கிடைத்தால் போதும் என்பவர்களே இதை வாங்குவோரில் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு ட்ரான்சில்வேனியா அல்வா மாதிரி.

வேலியே இல்லாத மலைகள்

பயணத்தைப் பெரும்பாலும் சிகிஷ்வாரா என்ற சின்ன நகரத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஊரை விட்டுக் காட்டுக்குள் ஏறினால் மேலே 'ப்ரெய்ட்டெ' என்ற மேட்டு நிலம். பல நூறு ஆண்டுகள் வயதான ஓக் மரங்கள் புல்வெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. மரத்துக்கு அடியில் மாடும் பன்றியும் மேய வேண்டும் என்பதற்காகவே இப்படி இடைவெளி விட்டு வளர்த்த காடு இது.

அங்கிருந்து தெற்கே, கிழக்கே எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரிக் காட்சிதான். ஓக், பீச் மரங்கள் அடர்ந்த மலை முகடு. இறங்கினால் பூத்துக் கிடக்கும் புல்வெளி. இன்னும் இறங்கினால் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம், நடுவில் சர்ச் கோபுரம். பெரிய சாலைகள் பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றிப் போகின்றன. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு மலையைத் தாண்டிப் போவது குதிரை வண்டிகள் போட்ட தடம்தான். இடையில் இருக்கும் புல்வெளியும் காடும் காலம் காலமாக ஊர்ப்பொது நிலமாக இருந்ததால் வேலி கிடையாது.

இந்தத் தடங்களில் சுமார் 100 கிலோமீட்டரை அடையாளக் கம்பங்கள் நட்டு சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். பழைய வீடுகளைப் புதுப்பித்துவரும் மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை இதில் முக்கியப் பங்கு வகித்தது. 2022-ல் முழுமையடைந்த 'வியா ட்ரான்சில்வேனிகா' என்ற 1,400 கிலோமீட்டர் நடைபாதையும் இந்தப் பகுதியைத் தொட்டுச் செல்கிறது. அதில் கிலோமீட்டருக்கு ஒரு கல்தூண். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள்.

கோபுரத்தில் தொங்கிய பன்றிக்கறி

கிராமங்களைக் கட்டியவர்கள் ருமேனியர்கள் அல்ல, ஜெர்மன் பேசும் சாக்ஸன்கள். 12-ம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேஸா, எல்லையைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் ரைன் நதிப் பக்கத்திலிருந்து இவர்களை அழைத்துக் குடியமர்த்தினார். அடிக்கடி படையெடுப்பு நடந்த பகுதி. அதனால் ஊருக்கு ஒரு கோட்டை கட்டாமல், சர்ச்சையே கோட்டையாக்கிவிட்டார்கள். சுற்றிலும் உயர்ந்த மதில், காவல் கோபுரங்கள், முற்றுகைக் காலத்தில் குடும்பங்கள் தங்க அறைகள், தானியம் வைக்க மரப்பெட்டிகள். இப்படி சுமார் 150 சர்ச்சுகள் இன்றும் நிற்கின்றன. பியர்தான், விஸ்க்ரி உள்ளிட்ட 7 கிராமங்கள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன.

சில ஊர்களில் ஒரு கோபுரத்துக்கு 'பன்றிக்கறி கோபுரம்' என்றே பெயர். ஊரில் எல்லோர் வீட்டு உப்புக்கறியும் அங்கேதான் தொங்கும். ஒவ்வொன்றிலும் வீட்டு அடையாள முத்திரை. ஞாயிற்றுக்கிழமை கோபுரம் திறக்கும்போது அவரவர் பங்கை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். பியர்தானில் இன்னொரு அறை. விவாகரத்து கேட்டு வரும் தம்பதியை அதில் அடைத்து வைப்பார்களாம். ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே ஸ்பூன். 300 ஆண்டுகளில் ஒரே ஒரு ஜோடிதான் பிரிந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். (வெளியே வந்தால் போதும் என்று சமாதானமாகப் போனவர்கள் எத்தனை பேரோ!)

வீடுகளும் கோட்டை மாதிரிதான். தெருவைப் பார்த்து இரண்டு ஜன்னல்கள், பக்கத்தில் வண்டி நுழையும் அளவுக்கு உயரமான மரக்கதவு, உள்ளே நீளமான முற்றம், கடைசியில் வைக்கோல் கொட்டகை. சுவர்களில் நீலம், பச்சை, மஞ்சள் என்று சுண்ணாம்புப் பூச்சு. சைக்கிளில் மெதுவாகப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் படும். பூச்சு உதிர்ந்து, கதவில் பூட்டு தொங்கும் வீடுகளும் நிறைய இருக்கின்றன.

தலைக்கு ஒரு விலை

இந்தப் பாதைகளின் அமைதிக்குப் பின்னால் இருப்பது இந்தப் பூட்டுகள்தான். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945 ஜனவரியில், ருமேனியாவில் இருந்த ஜெர்மானியர்கள் சுமார் 70 ஆயிரம் பேரை சோவியத் நாட்டுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். ஆண்களில் 17 முதல் 45 வயது வரை, பெண்களில் 18 முதல் 30 வரை. பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களின் நிலங்கள் பறிபோயிருந்தன.

அடுத்து சௌசெஸ்குவின் ஆட்சி. ஜெர்மானியர்களை வெளியேற அனுமதிக்க மேற்கு ஜெர்மனியிடம் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கியது அவரது அரசு. படித்தவர்களுக்கு விலை அதிகம். 1989 வரை இப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து எல்லைகள் திறந்ததும், 1990-ல் ஒரே ஆண்டில் இன்னும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பிவிட்டார்கள். 800 ஆண்டுகள் வாழ்ந்த ஊர்கள் சில மாதங்களில் காலியாயின. 1930 கணக்கெடுப்பில் ருமேனியா முழுக்க ஏழே கால் லட்சத்தைத் தாண்டியிருந்த ஜெர்மானியர்கள், 2021 கணக்கெடுப்பில் சுமார் 23 ஆயிரம். விஸ்க்ரியில் மிச்சமிருக்கும் சாக்ஸன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மலன்க்ராவ் போன்ற சில ஊர்களில்தான் கொஞ்சம் அதிகம்.

காலியான வீடுகளுக்கு ருமேனியர்களும் ரோமா மக்களும் வந்தார்கள். 'ஜிப்சி' என்று மற்றவர்கள் ஏளனமாகக் குறிப்பிடும் ரோமாக்கள், பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு 'பானி', மனிதனுக்கு 'மனுஷ்'. ஐரோப்பாவின் ஒரு மலைக் கிராமத்தில் இந்த வார்த்தை காதில் விழுந்தால் தமிழ்நாட்டுப் பயணிக்கும் தூக்கிவாரிப் போடும். விஸ்க்ரிப் பெண்கள் கம்பளிக் காலுறை பின்னி ஜெர்மனி வரை விற்கிறார்கள். நிலமோ மாடோ இல்லாத பல குடும்பங்களுக்கு அந்தக் காலுறைதான் கைக்காசு.

தார் போட்டால் என்ன?

இப்போது பிரிட்டன் மன்னராக இருக்கும் சார்லஸ், 2006-ல் விஸ்க்ரியில் ஒரு வீடு வாங்கினார். அதன் பிறகு ஊர் பிரபலமாகிவிட்டது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு வரும் குண்டும் குழியுமான சாலைக்குத் தார் வந்தது, காரும் வந்தது. இப்போது சுற்றுலா வாகனங்களை ஊர் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்கிறார்கள்.

சைக்கிள் பிரியர்களுக்கு ஜல்லிச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாராக மாறுவதில் வருத்தம். வருத்தம் நியாயம்தான். ஆனால் மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழியும் அதுதானே! விடுமுறைக்கு வந்து போகிறவரின் ரசனைக்காக ஓர் ஊர் சேற்றில் கிடக்க வேண்டும் என்று கேட்க முடியாது. ஊருக்குள் வரும் சாலைக்குத் தார், மலைக்கு மேலே போகும் தடங்கள் அப்படியே என்பதுதான் இருவருக்கும் ஒத்துவரும். கிராமங்களுக்கு நடுவே இன்னும் அந்தத் தடங்கள் பிழைத்திருக்கின்றன.

போகிறவர்கள் கவனத்துக்கு

மழை பெய்தால் இங்குள்ள களிமண் டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். அன்று சைக்கிளைத் தோளில்தான் சுமக்க வேண்டும். ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்கள் துரத்தினால் வேகம் எடுக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தால் மேய்ப்பர் குரல் கொடுத்துக் கூப்பிட்டுக்கொள்வார். ஐரோப்பிய யூனியனில் பழுப்புக் கரடிகள் அதிகம் வாழும் நாடு ருமேனியா. கரடி நடமாட்டம் இருந்தால் செல்போனுக்கு அரசின் எச்சரிக்கை வரும். அந்தி நேரத்தில் தனியாகக் காட்டுக்குள் போகாமல் இருப்பது நல்லது.

சைவர்கள் பயப்பட வேண்டாம். மக்காச்சோள மாவில் கிண்டும் 'மமலிகா', நம் ஊர்க் களியின் ஐரோப்பியத் தம்பி. ஆட்டுப்பால் சீஸும் புளித்த க்ரீமும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். கூடவே சின்னக் கிளாஸில் பிளம் பழச் சாராயம் வரும், அது அவரவர் இஷ்டம். 2025 ஜனவரியிலிருந்து ருமேனியா முழுமையாக ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டதால் ஷெங்கன் விசா போதும். புகாரெஸ்ட்டிலிருந்து ப்ராஷோவ் வழியாக சிகிஷ்வாராவுக்கு ரயில் உண்டு. நிதானமான ரயில்.

புல்வெளிகள் பூப்பது மே, ஜூனில். ஆகஸ்ட்டில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். ஜெர்மனிக்குப் போன சாக்ஸன் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வரும் மாதம் அது. 'கோடைச் சாக்ஸன்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். ஜெர்மன் நம்பர் பிளேட் கார்கள் வாசலில் நிற்க, பூட்டியிருந்த வீடுகளின் ஜன்னல்கள் திறந்திருக்கும். கோடை முடிந்ததும் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். செப்டம்பரில் பாதைகள் காய்ந்து கெட்டியாக இருக்கும், கூட்டமும் இருக்காது.