முக்கால் மணி நேரத்தில் பாஸ்தா கறி சாஸ்... அப்பத்தா சொன்ன கணக்கு!

பாஸ்தாவோடு சேர்த்துச் சாப்பிடும் கறி சாஸுக்கு இத்தாலியில் 'ராகு' என்று பெயர். நம் ஊர் ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பொலோன்யா நகரத்து ராகுவுக்கு அது காணாது. இத்தாலியச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன மார்செல்லா ஹசான், மெல்லிய தீயில் மூன்று மணி நேரமாவது கொதிக்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியவர்.

மாலை ஏழு மணிக்கு வேலையிலிருந்து வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று மணி நேரம் எங்கே கிடைக்கும்? கடை பாட்டில் சாஸைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் போனில் ஆர்டர் போட வேண்டும். 'சீக்கிரம் செய்தது' என்றாலே 'ஏனோதானோவென்று செய்தது' என்ற எண்ணமும் நம் வீடுகளில் உண்டு. அந்த எண்ணம் சரிதானா?

மதுரையில் ஒரு குடும்பம். மருமகள் அலுவலகம் போகிறவர். மகன் பத்தாம் வகுப்பு, டியூஷன் முடிந்து வர எட்டு மணி ஆகும். மாமியாருக்கு மூட்டுவலி. அடுப்படியில் நிற்க முடியாமல் போய் ஒரு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் வெளிச்சாப்பாடு. பையன் பார்சல் டப்பாவும் போனுமாகத் தன் அறைக்குப் போய்விடுவான். அப்பத்தா ஹாலில் தனியாக இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். யாருக்கும் யார் மீதும் கோபமில்லை. ஆனால் சேர்ந்து சாப்பிடுவது மட்டும் நின்றுபோயிருந்தது.

"அம்மா, மட்டன் போட்டு பாஸ்தா நம்ம வீட்லயே செய்யுறியா?" என்று பையன் கேட்டதில்தான் இது தொடங்கியது.

முதல் தடவை நன்றாக வரவில்லை. கொத்துக்கறி மொத்தத்தையும் சட்டியில் கொட்டி, கிண்டிக்கொண்டே இருந்து, தண்ணீர் விட்டதும் தக்காளியைச் சேர்த்துவிட்டார் மருமகள். சாஸ் தனியாக, தண்ணீர் தனியாக நின்றது. அப்பத்தா ஒரு வாய் எடுத்துப் பார்த்தார்.

"கறி வெந்திருக்கும்மா. ஆனா வதங்கல."

அடுத்த வாரம் அவரே அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாஸ்தாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கறியைப் பற்றித் தெரியும்.

"சும்மா கிண்டாத. தண்ணி சுண்டட்டும். சட்டி சத்தம் மாறும் பாரு, அப்பக் கரண்டியப் போடு."

"அடி பிடிச்சுறாதா அத்தை?"

"பிடிக்கட்டும். அந்த ஒட்டுலதான் ருசியே இருக்கு."

அவர் சொன்னதற்கு அறிவியல் விளக்கம் உண்டு. கறியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதுவரை அது வேகும், ஆனால் சிவக்காது. தண்ணீர் வற்றிச் சூடு 140 டிகிரியை நெருங்கும்போதுதான் மேற்புறம் சிவந்து, அந்த வறுத்த மணம் எழும். 1912-ல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் பெயரில்தான் இன்றும் 'மயார் வினை' என்கிறார்கள். நம் வீட்டுச் சுக்காவில் நடப்பதும் இதேதான்.

மூன்று மணி நேரம் என்னதான் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் சுருக்குவழி தெரிந்துவிடும். கறி சிவக்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். கறியில் உள்ள நார் இளக வேண்டும். கொத்துக்கறியாக இருப்பதால் பாதி வேலை கத்தியிலேயே முடிந்துவிடுகிறது, மீதியைக் குக்கர் பார்த்துக்கொள்ளும். தக்காளியின் பச்சை வாடை போய்க் கெட்டிப்பட வேண்டும். இதற்கு அகலமாகத் திறந்து வைத்த பாத்திரமும் நல்ல தீயும் போதும். கடைசியாக, எல்லாச் சுவையும் ஒன்றோடொன்று கலந்து இழைய வேண்டும். இதை மட்டும் அவசரப்படுத்த முடியாது. அந்த அளவுக்கு முக்கால் மணி நேர சாஸ் ஒரு படி கீழேதான். ஆனால் மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும்.

நான்கு பேருக்கு அந்த வீட்டுக் கணக்கு இது:

மட்டன் கொத்துக்கறி 400 கிராம். கழுவியதும் தண்ணீரை நன்றாக வடித்துவிட வேண்டும். இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும், கறியை இரண்டு பங்காகப் பிரித்து, பரப்பிவிட்டு வறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மறுபடி தண்ணீர் விடும்.

பக்கத்து அடுப்பில், குக்கரில் ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், நான்கு பல் பூண்டு, எல்லாம் பொடியாக நறுக்கி வதங்கட்டும். சிவந்த கறியை அதில் சேர்த்து, வாணலியில் ஒட்டியதைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுரண்டி ஊற்றிக்கொள்ளலாம். பிறகு அரை கப் பால். கறிக்குப் பாலா என்று அப்பத்தாவும் முதலில் முகம் சுளித்தார். தக்காளியின் புளிப்பைத் தணிக்கத்தான் அது. பால் வற்றிய பிறகே அரை கிலோ பழுத்த தக்காளியை மிக்ஸியில் அரைத்து ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் பால் திரியும்.

உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி. மார்செல்லாவின் ராகுவிலும் ஜாதிக்காய் உண்டு. இந்த வீட்டில் அது பேரனுக்கு உரை மருந்து உரசிய காலத்திலிருந்து அப்பத்தாவின் டப்பாவில் இருக்கிறது. கரம் மசாலா வேண்டாம். போட்டால் அது நம் ஊர்க் கைமா ஆகிவிடும்.

குக்கரில் மூன்று விசில். ஆவி அடங்கியதும் திறந்து, எட்டுப் பத்து நிமிடம் நல்ல தீயில் சுண்ட விட வேண்டும். எப்போது இறக்குவது? அதற்கும் அப்பத்தாவின் பதில்தான்: "ஓரத்துல எண்ணெய் பிரியணும்."

வியப்பு என்னவென்றால், பொலோன்யா முறையிலும் அடையாளம் அதுவேதான். தண்ணீர் வற்றி, கறியிலிருந்து கொழுப்பு பிரிந்து நிற்க வேண்டும் என்கிறார் மார்செல்லா.

இதற்குள் இன்னொரு பாத்திரத்தில் பாஸ்தா வெந்திருக்கும். 350 கிராம் பாஸ்தாவுக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு பத்து கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, வெந்த தண்ணீர் ஒரு கரண்டியோடு சாஸில் போட்டுப் புரட்டினால், அந்த மாவுத் தண்ணீர் சாஸைப் பாஸ்தாவோடு பிடித்துவைக்கும். வழுக்கும் ஸ்பகெட்டியைவிட, வரி போட்ட பென்னே இதற்கு நல்லது. பொலோன்யாவிலேயே ராகுவுக்கு ஸ்பகெட்டி கிடையாது, பட்டையான தால்யத்தெல்லேதான்.

'இது அசல் இல்லையே' என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். 1891-ல் பெல்லக்ரீனோ அர்த்தூசி எழுதிய பொலோன்யா கறி சாஸில் தக்காளியே இல்லை. 1982-ல் இத்தாலியச் சமையல் அகாடமி 'இதுதான் ராகு' என்று பொலோன்யா வர்த்தக சபையில் ஒரு செய்முறையைப் பதிவுசெய்தது. அதில் தக்காளி வந்துவிட்டது. அந்தப் பதிவையே 2023-ல் மறுபடி திருத்தினார்கள். பிறந்த ஊரிலேயே மாறிக்கொண்டிருக்கும் சமையல் அது. நேரத்தைக் குறைக்கலாம், பொருளை மாற்றலாம். கறி சிவப்பதையும் சாஸ் சுண்டுவதையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.

இப்போது அந்த வீட்டில் புதன்கிழமை ராத்திரி பாஸ்தா. கேரட் நறுக்குவது பையன் வேலை. "இன்னும் பொடிசா நறுக்குடா" என்று ஸ்டூலிலிருந்து அதிகாரம் வரும், "சரி அப்பத்தா" என்று இவனும் நறுக்குவான். மேஜையில் மூன்று தட்டு. அப்பத்தாவுக்குப் பாஸ்தா இன்னும் பிடிபடவில்லை. 'ரப்பர் மாதிரி இருக்கு' என்று இரண்டு வாயோடு ஒதுக்கிவிடுவார்.

ஆனால் ஒரு கிண்ணம் சாஸை மட்டும் மூடி ஃபிரிட்ஜில் எடுத்துவைக்கச் சொல்வார். வியாழக்கிழமை காலை தோசைக்கு அதைத் தொட்டுக்கொள்ள அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.