அக்காவின் போன் படிக்காத அறிவிப்பு

எங்கள் பேட்டை மாதர் சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. அதில் அறிவிப்புகள் ஏற்றுவது என் பொறுப்பு. பள்ளிப் படிப்போடு நின்ற எனக்கு என் பையன் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அடுப்படி வேலை முடிந்ததும் உட்கார்ந்து, ஓரத்தில் கோலம், நடுவில் தாமரை, ரோஸ் நிறத்தின் மேல் மஞ்சள் எழுத்து என்று ஜோடித்துப் போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்?

போன தீபாவளிக்கு முன்பு, பலகாரக் கடை போட இடம் தருவதாகச் சங்கம் அறிவித்தது. என் பெரிய நாத்தனாருக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் ஆறு வருஷமாகிறது. ஆனால் அவர் கை முறுக்கு சுற்றினால் கண்ணிருப்பவர்கள் தோற்றுப் போக வேண்டும். அந்த வருமானத்தில்தான் அவருக்கு மருந்து மாத்திரை. கடைசித் தேதி முடிந்து நாலு நாள் கழித்து, "ஏன்க்கா, இந்தத் தடவை கடை போடலியா?" என்று நான்தான் கேட்டு வைத்தேன்.

"கடையா? எப்ப சொன்னீங்க?"

"நெட்ல போட்டேனே, அக்கா!"

அவர் போனை எடுத்து விரலால் தள்ளினார். அதில் டாக்பேக் என்ற வசதி, திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும். எங்கள் சங்கத்துப் பக்கத்தைத் திறந்ததும் அது சொன்னது: "படம்... படம்... பொத்தான்." அவ்வளவுதான்.

"எனக்குக் கேட்டது இதான். நீ தாமரை போட்டிருந்தா எனக்கென்னம்மா தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சங்கத்தில் ஓடிப்போய்க் கேட்டேன். எல்லா இடமும் போய்விட்டது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவரையே குருவாக வைத்துக்கொண்டு பாடம் கேட்டேன். செய்தியைப் படத்துக்குள் எழுதினால் அவருடைய பழைய போனுக்கு அது வெறும் படம்தான். எழுத்தாகவே தட்டச்சு செய்தால் கடகடவென்று படித்துவிடும். அதுவும் யூனிகோடு எழுத்தாக இருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்த எங்கள் ஆண்டறிக்கையை அது ஏதோ இங்கிலீஷ் எழுத்துகளாக உளறியபோது இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உள்ளே நம் தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துதான் பதிவாகியிருக்கிறதாம்!

படத்துக்கு விளக்கம் எழுதத் தனியே ஓர் இடம் இருக்கிறது. அதில் முதலில் 'அழகான படம்' என்று எழுதினேன். "அழகா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன், படத்துல என்ன இருக்குன்னு நீ சொல்லு" என்றார். 'நீள மேஜை முன்னால் ஐந்து பெண்கள் முறுக்கு பிழிகிறார்கள்' என்று மாற்றினேன். வெறும் அலங்காரத் தாமரைக்கு விளக்கத்தைக் காலியாக விட்டால் போன் அதைத் தாண்டிப் போய்விடும். பெயரில்லாத பொத்தானுக்கு 'விண்ணப்பம் அனுப்பு' என்று பெயர் வைத்தேன். காது கேளாதவர்களுக்காக வீடியோவில் பேசுவதைக் கீழே எழுத்தாகப் போடப் பையன் உதவினான்.

நிறத்துக்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது உலக அளவில் வகுத்த நெறிமுறை. என் மஞ்சளும் ரோஸும் அதில் தேறவில்லை.

"ஒருத்தருக்காக இத்தனை அழகையும் எடுத்துடறதா?" என்றார் எங்கள் காரியதரிசி. மின்னணுச் செய்திகளும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்று 2016-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அசையவில்லை. அன்றைக்கென்று பார்த்துக் கண்ணாடியை வீட்டில் மறந்து வந்திருந்தார். பழைய அறிவிப்பையும் புதியதையும் நீட்டினேன். புதியதைத்தான் படித்தார். சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், அந்த மஞ்சள் எழுத்து தங்களுக்கும் தெரியவேயில்லை, சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார்கள்!

இந்த வருஷக் கடை அறிவிப்பைக் காலை பத்து மணிக்கு ஏற்றினேன். பத்தேகாலுக்கு அக்காவிடமிருந்து போன்.

"என் விண்ணப்பம் அனுப்பியாச்சு. ஆனா, 'முறுக்கு'ங்கறதுல ஒரு எழுத்தை விட்டுட்டே. 'முக்கு'ன்னு படிக்குது. போய் முதல்ல திருத்து!"