பிழை பிடிக்கும் காதுகள்

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள கடவல்லூர் ஸ்ரீராமர் கோயிலில் கார்த்திகை மாதம் ஒரு போட்டி நடக்கிறது. திருச்சூர், திருநாவாய் என்ற இரண்டு மடங்களைச் சேர்ந்த நம்பூதிரிகள் ரிக் வேதம் ஓதுகிறார்கள். ஒரு தரப்பு ஓத, மறு தரப்பு எங்கே பிழை வரும் என்று காத்திருக்கும். ஆனால் போட்டியின் பெயர் என்னவோ ‘அன்யோன்யம்’!

ரிக் வேதத்தில் 1,028 சூக்தங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மந்திரங்கள். அத்தனையும் வாய்வழியாகவே வந்தவை. தமிழ் இதை எழுதாக்கிளவி என்றது சும்மா அல்ல. ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு என்று சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதுவது ஜடை. பின்னலில் ஒரு இழை நழுவினாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். பொருள் தெரியாமல் ஓதுகிறார்கள் என்பது பழைய குறை. பொருளை வைத்துச் சொல்லை ஊகிக்காமல் ஒலியையே பிடித்துக்கொண்டதால்தான் பாடம் மாறாமல் தப்பியது என்பதும் உண்மை.

ஆக, வேதத்தைக் காத்தது வாய் மட்டும் அல்ல. பிழை பிடிக்கும் காதும்தான். அந்தக் காதுகளை வளர்ப்பதில் மரபு தாராளம் காட்டவில்லை. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். நம்பூதிரிப் பெண்களுக்கும் இந்தக் கல்வி இல்லை. குத்தகைதாரரின் நெல்லில் வளர்ந்த கல்வி அவருக்கே எட்டாமல் இருந்தது. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகையும் போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். 1947-ல் நின்ற அன்யோன்யம் 1989-ல்தான் மீண்டும் தொடங்கியது. காதுகளுக்குக் கதவடைத்த மரபு கடைசியில் காதுகளுக்கே திண்டாடியது.

1975 ஏப்ரலில் பாஞ்ஞாள் கிராமத்தில் நடந்த அதிராத்ர வேள்வியை டச்சு அறிஞர் ஃப்ரிட்ஸ் ஸ்டாலின் குழு ஒலிநாடாவிலும் படச்சுருளிலும் பதிவு செய்தது. 2003-ல் யுனெஸ்கோ வேத ஓதலை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளில் 13 மட்டுமே மிஞ்சியிருப்பதாகவும் சொன்னது. பதிவுகள் பயனுள்ளவைதான். ஆனால் ஒலிநாடா ஓதும், திருத்தாது.

திருச்சூர் பிரம்மஸ்வம் மடத்தில் இன்றும் சிறுவர்கள் கற்கிறார்கள். நம்பூதிரி முறையில் ஆசிரியர் மாணவனின் தலையைக் கையால் பிடித்து, ஸ்வரம் ஏற இறங்க அசைத்துச் சொல்லித்தருவார். தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. அந்தக் கை எத்தனை பேர் தலையைத் தொடத் தயாராகிறதோ, அதில்தான் இருக்கிறது எழுதாக்கிளவியின் ஆயுள்.