சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள்

தில்லியில் வேலை ஏற்ற நாள் தொட்டுப் பெரோஷா கோட்லா மைதானத்தைக் கடந்தே அலுவலகம் செல்கிறேன். 1952 அக்டோபரில் இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் பந்தயத்தில் முதன்முதலாக எதிர்நின்ற இடம் அது. வினூ மன்கட் 13 விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்தியா இன்னிங்ஸ் வெற்றி கண்டது. ஆயினும் என் மனம் நிலைப்பது வேறோரிடத்தில். எதிரணித் தலைவராக வந்த அப்துல் ஹபீஸ் கர்தார், 1946-இல் இந்தியாவுக்காக இங்கிலாந்தில் ஆடியவர்! உடன் வந்த அமீர் இலாஹியும் இந்திய அணியில் ஒரு டெஸ்ட் ஆடியவரே. பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் பழைய முற்றத்திலேயே எதிரெதிராக வந்து நின்றனர் எனலாம்.

பங்காளியிடம் தோற்பதைப்போல் மானக்கேடு வேறில்லை போலும். 1954-55-இல் ஐந்து, 1960-61-இல் ஐந்து என்று ஆடிய பத்துப் பந்தயங்களும் வெற்றி தோல்வியின்றியே முடிந்தன. தோல்விக்கு அஞ்சி ஆடுவதும் ஓர் ஆட்டமா? பின்னர் இரு போர்கள் மூண்டன. 1978 வரை மைதானக் கதவே திறக்கவில்லை. 2007-இல் பெங்களூரில் ஆடியபின் டெஸ்ட் பந்தயம் இன்றளவும் இல்லை.

2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கைகுலுக்காமல் பிரிந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் பஹல்காமில் சிந்திய இரத்தம் எவர் நெஞ்சிலும் காயாதிருந்த வேளை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த என் மகன், "எப்பவுமே இப்படித்தானாப்பா?" என்று கேட்டான். அவன் தில்லியில் பிறந்தவன். சேப்பாக்கம் அவனுக்குப் பெயரளவே.

அவனுக்கு 1999 ஜனவரியைச் சொன்னேன். கோட்லாவின் ஆடுதளத்தைச் சிலர் தோண்டிப் பாழாக்கவே, முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. நான்காம் நாள் என் தந்தையாருடன் வெயிலில் அமர்ந்திருந்தேன். இந்தியாவுக்கு இலக்கு 271. முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் வீழ்ந்தபோது தேவைப்பட்டவை 17 மட்டுமே. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களில் சரிந்தன. அரங்கம் மூச்சற்றுக் கிடந்தது. எங்கோ ஒரு மூலையில் கைத்தட்டல் எழுந்து பரவியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவர, சேப்பாக்கம் எழுந்து நின்று வாழ்த்தியது.

"நீங்களும் உடனே எழுந்தீங்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. தலை கவிழ்ந்து உட்கார்ந்தே இருந்தேன். "எழுந்திருடா, ஜெயிச்சவன் ஓடி வரான்" என்று தந்தையார் தோளைப் பற்றித் தூக்கினார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. கைகள் மட்டும் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன.